வியாழக்கிழமைத் தென்றல்

மார்ச் 4

தென்றல் 41 அவர்களுக்கு,

இப்படித்தானே உன்னைக் கூப்பிட வேண்டும்? பதினொரு வாரமாக இப்படித்தான் கூப்பிட்டேன். "தென்றல், இந்த வாரம் கொஞ்சம் பரவாயில்லை." "தென்றல், நேற்றும் சாப்பாடு இறங்கவில்லை." கூடப்பிறந்த அக்காவைத் தென்றல், தென்றல் என்று கொஞ்சியிருக்கிறேன். நினைத்தாலே குமட்டிக்கொண்டு வருகிறது.

நடந்ததை நானே ஒருமுறை எழுதிவிடுகிறேன். உன்னிடம் விட்டால் பூசி மெழுகிவிடுவாய். நான் வேலை பார்க்கும் சலவைக் கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். அவற்றைக் கறை பார்த்துப் பிரித்துப் போடுவது என் மேஜை. அப்பா போன பிறகு அந்த மேஜை முன்னால் நின்றாலே எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், இதோ சாகப்போகிறேன் என்று தோன்றும். ஒருநாள் அழுக்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். "கம்பெனியே ஆன்லைன்ல கவுன்சிலிங் ஏற்பாடு பண்ணியிருக்குப்பா. பேர் சொல்ல வேணாம், மூஞ்சியக் காட்ட வேணாம், டைப் பண்ணினாப் போதும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

ஒருத்தருக்கும் தெரியாதாம்!

எனக்கு 2207 என்று ஒரு நம்பர் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் தென்றல் 41 என்ற பெயரில் நீ. வியாழக்கிழமை நாலு மணிக்கு, ஸ்டோர் ரூமில் சோப்புத்தூள் பீப்பாய்களுக்கு நடுவே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டினேன். போன வியாழக்கிழமை நீ எழுதினாய்: "மூச்சு முட்டும்போது, ஓடுகிற வாஷிங் மெஷினில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். சின்ன வயதில் உங்களுக்கு அதுதானே கைகொடுத்தது."

பதினொரு வாரம் நான் எழுதிய அத்தனையையும் மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டேன். அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. அம்மா இருந்த காலத்தில் அவளும் அப்பாவும் சண்டை போடும்போதெல்லாம் நான் ஓடிப்போய் மெஷினில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்காருவேன். துணி இல்லாத நாளில்கூட வெறும் தண்ணீரை ஊற்றி எனக்காக அதை ஓடவிட்டவள் நீ ஒருத்திதான்.

லேப்டாப்பை மூடிவிட்டு, சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

உன் நம்பரை நான் தடுத்துவைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அது அப்படியே இருக்கட்டும். பேப்பரில் எழுது, கையால் எழுது. நீ டைப் செய்த ஒரு வரியையும் இனி நான் படிக்க மாட்டேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். எப்போதிலிருந்து தெரியும்?

2207


மார்ச் 11

சுண்டு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கையால் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. கையெழுத்தைத் திட்டாதே.

மூன்றாவது வாரத்திலிருந்து தெரியும்.

முதல் இரண்டு வாரமும் நீ வெறும் 2207தான். சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் வேலை எப்படி என்று உனக்குத் தெரியாது. என் திரையில் ஒரே நேரத்தில் ஐந்து பேர், ஐந்து கட்டம். யாராவது இரண்டு நிமிஷம் காத்திருந்தால் கட்டம் சிவப்பாகிவிடும். அதனால் சில வரிகளை முன்கூட்டியே பட்டனில் போட்டு வைத்திருக்கிறார்கள். எஃப் நான்கைத் தட்டினால் "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்." எஃப் ஆறு என்றால் "அது உங்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்." உனக்கும் முதலில் இந்தப் பட்டன்கள்தான் பதில் சொல்லின. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் இன்னும் அசிங்கம்.

மூன்றாவது வாரம் நீ எழுதினாய். மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை நீ ஒருவனே பார்த்துக்கொண்டாய். அக்கா கடைசி நாள்தான் வந்தாள். வாசற்படியிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வெளியே போய்ச் சித்தியிடம், "அப்பாவ அழுகிப்போக விட்டுட்டான்" என்றாள். அது உன் காதில் விழுந்துவிட்டது. அந்தக் கைக்குட்டை மஞ்சள் நிறம் என்றுகூட எழுதியிருந்தாய். அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

தெரிந்த ஆள் என்றால் அந்த நிமிஷமே வேறு ஆலோசகரிடம் மாற்றிவிட வேண்டும். அதுதான் விதி. பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாற்றும் பட்டன் மேலேயே விரலை வைத்திருந்தேன். தட்டியிருந்தால் நீ போயிருப்பாய். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவன், அங்கே பக்கம் பக்கமாகப் பேசினாய்.

தப்புத்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கொஞ்சமாவது குறையவில்லையா? எட்டாவது வாரம் அந்த மேஜையில் ஒரு மணி நேரம் நின்றதாக நீயேதானே எழுதினாய்? ஐந்து நட்சத்திரம்கூடக் கொடுத்தாயே.

தயவுசெய்து கவுன்சிலிங்கை மட்டும் நிறுத்திவிடாதே. என்னை விட்டுவிடு. அதை விடாதே.

அக்கா


மார்ச் 17

உனக்கு,

சுண்டு என்று இனி எழுதாதே. அந்தப் பெயர் உன் வாயில் வரவே கூடாது.

ஐந்து நட்சத்திரமாம்! எழுதும்போது கை கூசவில்லையா? திருடியவன் வந்து, "நீ தூங்கும்போது போர்வை போர்த்திவிட்டேனே" என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றையும் அச்சடித்து வைத்துக்கொண்டு படித்தேன். இப்போது ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி நாறுகிறது. ஆறாவது வாரம் இப்படி எழுதியிருக்கிறாய்: "உங்கள் அக்காவின் இடத்தில் நின்றும் ஒருமுறை யோசித்துப் பார்த்தீர்களா? அவருக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்." அடிப்பாவி! முகத்தை மறைத்துக்கொண்டு வந்து உனக்கு நீயே வக்கீல் வைத்துக்கொண்டாயா? நானும் மடையன் மாதிரி, "யோசிக்கிறேன் தென்றல்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வாரம் முழுக்க உன் பக்கம் நின்று யோசித்தேன். உன்னைப் பாவம் என்றுகூட நினைத்தேன்.

ஏழாவது வாரம் இன்னும் கேவலம். வீட்டுப்பாடம் கொடுத்தாய். 'அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்ப வேண்டாம், எனக்கு மட்டும் காட்டுங்கள்.' நான் எழுதினேன். "உன் முகத்தில் விழிக்கவே அருவருப்பாக இருக்கிறது" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கம். நீ என்ன பதில் போட்டாய்? "மிக நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது மனம் லேசாக இருக்கிறதா?"

யாருக்கு எழுதினேனோ அவளே படித்துவிட்டு எனக்கு மார்க் போட்டிருக்கிறாள். எங்கள் கூடத்துக்கு வராத அழுக்கு கிடையாது. ரத்தம், சீழ், வாந்தி, எல்லாம் பார்த்திருக்கிறேன். இதற்கு எந்தத் தூளைப் போடுவது என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்பதாவது வாரம். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. மற்றதெல்லாம் உன்னைப் பற்றியது, போகட்டும். இது என்னைப் பற்றியது. நீ வெறும் தென்றலாக இருந்தாய் என்று நம்பித்தான் சொன்னேன்.

அப்பாவின் முதுகுப் புண் வாய் திறந்திருந்த சமயம். அன்று மூன்றாவது தடவையாகப் படுக்கையை நனைத்திருந்தார். நான் விரிப்பைக் கையில் எடுத்தேன். என்னால் முடியவில்லை. விரிப்பை அங்கேயே போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம், "யாராவது வாங்களேன்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவரைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற தகப்பனை.

நீ சித்தியிடம் சொன்னது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் முகத்தில் விழிக்காமல் இருந்தேன். உனக்கு மட்டும் அது தெரியக் கூடாது என்று இரண்டு வருஷம் ஓடினேன். கடைசியில் உன் மடியிலேயே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

அதைப் படித்துவிட்டு நாலு நிமிஷம் நீ பதில் போடவில்லை. டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன செய்துகொண்டிருந்தாய்? சித்திக்குப் போன் போட்டாயா?

உன் கம்பெனிக்குப் புகார் எழுதப்போகிறேன். கவுன்சிலிங் எல்லாம் முடிந்தது. இனி எவளிடமும் எவனிடமும் வாய் திறக்க மாட்டேன்.


மார்ச் 25

தம்பி,

நீ எழுத வேண்டாம். நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்கும் கொடுத்தேன், எனக்குப் பதிவு கொடுத்த சங்கத்துக்கும் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை நான் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அது சரிதான்.

கம்பெனியில் நடந்ததைக் கேள். எங்கள் குழுத் தலைவி முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு நல்லாத்தானே இருக்கு? அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காரு. இதப் போய் ஏங்க கிளறுறீங்க?" என்றார். அப்புறம் உனக்கு மூன்று மாதம் கூடுதலாக இலவசம் கொடுத்துவிடலாம் என்றார். அதோடு விட்டாரா? "உறவு எதுவும் தெரியாத மாதிரி, அவர்கிட்ட நாலு வரி பாராட்டு வாங்கிப் போட முடியுமா? படிச்சா உருக்கமா இருக்கும்" என்றார். அந்த அறையில் மல்லிகை வாசனைக்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புஸ் என்று அடிக்கும். அந்த வாசனையில் எனக்கு வாந்தி வந்தது. ஆறு வருஷமாக அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர்களிடமிருந்து பேச்சு வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதே.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் பட்டனில் போட்டுவைக்க எவராலும் முடியாது.

ஆறாவது வாரம் 'ஏதாவது காரணம் இருந்திருக்கலாம்' என்று எழுதினேனே, காரணம் எதுவும் கிடையாது. அப்பாவின் நாற்றம்தான். வாசற்படியில் நின்றேன், அது முகத்தில் அடித்தது, அந்தக் கட்டிலில் கிடப்பது அப்பா என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒன்று கிடக்கிறது, அதன் பக்கத்தில் போகக் கூடாது, அவ்வளவுதான் தோன்றியது. அவர் என்னைப் பார்த்தார். என் கைக்குட்டையையும் பார்த்தார். நான் உள்ளே போகவில்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே சித்தி நின்றுகொண்டிருந்தாள். "என்னடி, உள்ள போகலையா?" என்று கேட்டாள். மகளுக்கே அருவருப்பு என்று எப்படிச் சொல்வது? அதனால் உன்மேல் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா படுத்திருந்த மூன்று வருஷமும் வேலை, வேலை என்று உன்னிடம் சொன்னேனே, அதில் ஒரு வேலை என்ன தெரியுமா? படுத்த படுக்கையான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று மாதம் ஒருமுறை ஆன்லைனில் வகுப்பு எடுத்தேன். "உங்களைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், இன்னொருவரை உதவிக்குக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தேன். நீ என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் அந்த வகுப்புக்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

என்மேல் எனக்கே எவ்வளவு அருவருப்பாக இருக்கிறது என்று எழுதினால் அதிலும் நான் அனுதாபம் தேடுகிறேன் என்பாய். அதனால் எழுதவில்லை.

உன் ஊரிலேயே, ஆஸ்பத்திரி மாடியில் ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார். நேரில் பார்ப்பவர். எங்கள் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, எனக்கும் அவரைத் தெரியாது. விலாசத்தைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். என் கடிதத்தைக் கிழித்தாலும் சீட்டைக் கிழிக்காதே.

அக்கா


ஏப்ரல் 9

உன் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் ஒழுகும் குரல். "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துறோம் சார்" என்றாள். அசௌகரியமாம்! பஸ்ஸில் சீட் கிடைக்காதது மாதிரி. "எதுல கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படிக்கப் படிக்க உன்மேல் வெறுப்பு கூடியது. ஆனால் ஒன்று. இத்தனை வருஷத்தில் நீ எழுதியதில் நாறாத கடிதம் அது ஒன்றுதான்.

மேஜையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டிக் கீழே விழுந்துவிட்டேன், நெற்றியில் அடி. இப்போது இஸ்திரிப் பக்கம் நிற்கிறேன். அங்கே வருவதெல்லாம் வெளுத்த துணிதான். ஆனாலும் எனக்கு அந்த வாடை அடிக்கிறது. கையை நாளைக்கு முப்பது தடவை கழுவுகிறேன். தோல் உரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தொடாமலே தள்ளி வைத்துவிடுகிறேன். நீ கொடுத்த சீட்டு சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தடவை போனேன். மாடி ஏறவில்லை. அங்கேயும் ஒரு பட்டன் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். பொய் சொன்னால் இதுதான் கடைசிக் கடிதம்.

ஒன்பதாவது வாரம், நாலு நிமிஷம் கழித்து நீ ஒரு வரி எழுதினாய். "அன்று அங்கே வேறு யாராவது இருந்திருக்க வேண்டும்." அவ்வளவுதான். அறிவுரை இல்லை, மூச்சுப் பயிற்சி இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டுதான் நான் அதற்குப் பிறகு எழுந்து நடமாடினேன். மற்ற அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டேன். இதை எறிய முடியவில்லை.

அது எந்தப் பட்டன்? எஃப் எத்தனை?


ஏப்ரல் 14

தம்பி,

அதற்குப் பட்டன் இல்லை.

அந்த நாலு நிமிஷமும் நான் எங்கேயும் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். மற்ற நான்கு கட்டமும் சிவப்பாகிவிட்டன. "இருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நாலு பேருக்கும் எஃப் நான்கைத் தட்டினேன். உனக்குத் தட்ட முடியவில்லை.

முதலில் நான் எழுதியது வேறு வரி. "அன்று அங்கே நான் இருந்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். அனுப்பினால் நான் யார் என்று தெரிந்துவிடும், நீ போய்விடுவாய். அதனால் 'நான்' என்பதை அழித்துவிட்டு, 'வேறு யாராவது' என்று போட்டேன்.

நீ நம்பிக்கொண்டிருக்கும் வரி, நான் கோழைத்தனமாகத் திருத்திய வரி. பொய் சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன்.

மாடி ஏறு.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

ஏறினேன். மூன்று தடவை.

அந்த ஆலோசகருக்கு உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஓயாத சளி. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கைச் சிந்துகிறார். முதல் தடவை எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை, ஒரு நோட்டும் மாத்திரை டப்பாவும்தான். நான் சொல்வது புரியாவிட்டால், "இருங்க, இது எனக்குப் புரியல, திரும்பச் சொல்லுங்க" என்கிறார். அதனால் மூன்றாவது தடவையும் போனேன்.

கதவைச் சாத்திய மதியத்தைப் பற்றிச் சொன்னேன். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும் என்றேன். "அவங்க என்ன சொன்னாங்க?" என்றார். நீ அழித்த வரியைத்தான் சொன்னேன். நீ அனுப்பியதைச் சொல்லவில்லை. "யாரு அவங்க?" என்றார். அக்கா என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது. இந்தக் கடிதத்தின் தலைப்பில் எழுதவும் அவ்வளவு நேரம் ஆயிற்று.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் இருக்கும் அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. பதினொரு வாரத்தை மன்னிக்க எனக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது, ஆகாமலே போகலாம். சித்தியிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டியது உன் வேலை. அதை எனக்காகச் செய்யாதே, செய்துவிட்டு எனக்கு எழுதவும் எழுதாதே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. வீட்டில்தான் இருப்பேன். வீடு நாறுகிறது. ஊர் அழுக்கையெல்லாம் துவைக்கிறவன், சொந்த விரிப்பைத் துவைத்து இரண்டு மாதம் ஆகிறது. மெஷின் இருக்கிறது, அதைத் திறக்கவே பிடிக்கவில்லை. சிங்க்கில் பாத்திரம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. நானும் குளித்து நாலு நாள் ஆகிறது. நீ வருகிறாய் என்பதற்காக எதையும் கழுவி வைக்கப் போவதில்லை.

வருவதானால் இப்படியே வந்து உள்ளே உட்கார். கைக்குட்டை எடுத்து வராதே.

தம்பி